ஒரு பேறு, மூன்று ஏடுகள்

மருத்துவமனைக்குள் செல்லும்போது ஒருவர். வீடு திரும்பும்போது மூவர். சிசேரியன் அறுவையின் வழியே இரட்டைக் குழந்தைகளைப் பெறும் தாயின் கணக்கு இது. இம்மூவருக்காக மருத்துவமனை எத்தனை ஏடுகளை எழுத வேண்டும்? பிரசவம் ஒன்றுதானே, ஓர் ஏடு போதாதா என்று சிலர் கேட்கலாம். தாய்க்கு ஒன்று, குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று என்று வேறு சிலர் கூறலாம். சரியான விடை மூன்று. தாய்க்கு ஓர் ஏடு. முதலில் பிறந்த குழந்தைக்கு ஓர் ஏடு. அடுத்துப் பிறந்த குழந்தைக்கு ஓர் ஏடு.

பள்ளிச் சிறுவனும் சொல்லக்கூடிய இந்த விடையை உலகம் கற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. தாயும் சேயும் ஒருசேரப் பிழைக்கும்படி அறுவையைச் செய்யக் கற்க வேண்டியிருந்தது. இறந்தவர்களை மட்டுமே எண்ணிவந்த நோய்ப் பட்டியல், உயிரோடு இருப்பவர்களையும் எண்ணக் கற்க வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையைத் தாயின் ஏட்டில் ஒரு வரியாகக் கருதாமல், தனி நோயாளியாகக் கருதவும் கற்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் சென்னை மாகாணத்தில் பிறந்த ஓர் இரட்டையருக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இறந்த தாயிடமிருந்து ஓர் உயிர்

சிசேரியன் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஜூலியஸ் சீசர் நினைவுக்கு வருவார். அவர் இவ்வாறு பிறந்தார் என்பது கதையே. அவருடைய தாய் அவுரேலியா, மகன் வளர்ந்து பெரியவனான பின்னும் உயிரோடிருந்தார். அக்காலத்தில் இந்த அறுவைக்கு உட்பட்ட தாய் பிழைப்பது அரிது. கருவுற்ற பெண் இறந்தால் வயிற்றிலுள்ள குழந்தையை எடுத்த பின்னரே புதைக்க வேண்டும் என்று பழைய ரோமானியச் சட்டம் ஒன்று விதித்தது. நம் நாட்டின் சுசுருத சங்கிதையும், தாய் திடீரென இறந்தபின் வயிற்றில் துடிப்புத் தென்பட்டால் கீறிக் குழந்தையை எடுக்குமாறு கூறுகிறது. ஆக, தொடக்கத்தில் இது தாயைக் காக்கும் அறுவையாக இருக்கவில்லை.

தாயும் சேயும் பிழைத்த நிகழ்ச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பதிவாகியுள்ளன. 1826-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற இராணுவ மருத்துவர் செய்த அறுவை அவற்றுள் ஒன்று. 1847-ல் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்தில் குளோரோபாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். வலி நீங்கியது. ஆனால் குருதிப்போக்கும் சீழ்பிடித்தலும் நீங்கவில்லை. கருப்பையைத் தைக்க வேண்டியதில்லை, அது தானே சுருங்கிக்கொள்ளும் என்றே அக்கால மருத்துவர் எண்ணினர். 1876-ல் இத்தாலியின் எடுவார்டோ போர்ரோ, குழந்தையை எடுத்தபின் கருப்பையையே நீக்கித் தாயைப் பிழைக்கவைத்தார். 1882-ல் ஜெர்மானியரான மாக்ஸ் ஸாங்கர், கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது இம்முறைதான். சல்பா மருந்துகளும் பெனிசிலினும் குருதி வங்கிகளும் வந்தபின் இந்த அறுவை அச்சந்தரும் கடைசி வழி என்ற நிலையிலிருந்து மாறியது.

இறந்தோரின் பட்டியல்

அறுவை வளர்ந்த அதே காலத்தில் மற்றொரு கலையும் வளர்ந்தது. அது எண்ணும் கலை. 1662-ல் லண்டன் வணிகரான ஜான் கிரான்ட், நகரின் வாராந்தர இறப்புப் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்து, எந்த நோய் எவ்வளவு பேரைக் கொல்கிறது என்று கணித்தார். 1839 முதல் இங்கிலாந்தின் பதிவு அலுவலகத்தில் பணிபுரிந்த வில்லியம் பார், ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் இருந்தால் கணக்கே பயனற்றுப் போகும் என்று வற்புறுத்தினார். அளவுகளுக்கு மீட்டரும் கிராமும் எவ்வளவு இன்றியமையாதவையோ, நோய்களுக்குப் பொதுப் பெயர்களும் அவ்வளவு இன்றியமையாதவை என்பது அவர் கருத்தின் சாரம்.

எண்கள் உயிரைக் காக்கும் என்பதற்குப் பிரசவ அறையே சான்றாயிற்று. 1871-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிரசவ நிலையங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வீட்டில் பெற்ற தாய்மாரைவிட மருத்துவமனையில் பெற்ற தாய்மார் அதிகமாக இறந்தனர் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். மருத்துவமனையின் அழுக்கும் நெரிசலும் காய்ச்சலைப் பரப்பின. எண்ணிப் பார்க்காதவரை இது கண்ணுக்குத் தெரியவில்லை.

1893-ல் சிகாகோ நகரில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகம், பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்ட்டியோன் தயாரித்த பட்டியலை ஏற்றுக்கொண்டது. இன்றைய அனைத்துலக நோய் வகைப்பாட்டின் வேர் இதுவே. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அது இறப்புக் காரணங்களின் பட்டியல். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று இறந்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். எடை குறைந்து, குளிரில் வாடி, உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் மற்றொரு குழந்தைக்கு அப்பட்டியலில் இடமில்லை.

கர்னூல் இரட்டையர்

இந்த இடத்தில் நம் நாட்டுக்கு வருவோம். 1887 அக்டோபர் 14-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கர்னூலில், ஆற்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தனர். மூத்தவர் இராமசாமி முதலியார். இளையவர் இலட்சுமணசாமி முதலியார். இருவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றனர். அண்ணன் சட்டத்தையும் அரசியலையும் தேர்ந்தெடுத்தார். தம்பி மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலும் மகப்பேற்று மருத்துவத்தில் சிறந்தார்.

தம்பி பணியாற்றிய இடம் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. 1844-ல் தொடங்கப்பெற்று, 1882-ல் இன்றைய இடத்துக்கு மாறிய பழம்பெரும் நிலையம் அது. அதன் கண்காணிப்பாளராகவும் அவர் விளங்கினார். மகப்பேற்றியல் பற்றி அவர் எழுதி 1938-ல் வெளியிட்ட பாடநூல், கிருஷ்ண மேனன் என்ற மருத்துவரும் சேர்ந்து திருத்தியதால் 'முதலியார் - மேனன்' நூல் என்றே பெயர்பெற்றது. பல தலைமுறை மருத்துவ மாணவர் அதைப் படித்தே பிரசவம் பார்க்கக் கற்றனர். 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரும் அவரே.

அண்ணனின் பணி வேறு வகையில் இதே வரலாற்றில் வந்து கலக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூகக் குழு 1946 சனவரியில் லண்டனில் முதன்முறையாகக் கூடியபோது, அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இராமசாமி முதலியார். அனைத்துலகச் சுகாதார மாநாடு ஒன்றைக் கூட்டுவதென்று அக்குழு பிப்ரவரியில் முடிவு செய்தது. அம்மாநாடு அதே ஆண்டின் கோடையில் நியூயார்க்கில் கூடி, உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்தை உருவாக்கியது. இறப்புக் காரணங்களின் பட்டியலைத் திருத்தும் வேலையும், நோயுற்றோருக்கான பட்டியல் ஒன்றை முதன்முறையாக அமைக்கும் வேலையும் அந்நிறுவனத்தின் இடைக்கால ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

அதன் விளைவாக 1948-ல் உருவானதே ஆறாவது திருத்தப் பட்டியல். பெர்ட்டியோன் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றே: இது இறந்தோருக்கு மட்டும் உரியதன்று; நோயோடு வாழ்வோருக்கும் உரியது. 1949-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தம்பி இலட்சுமணசாமி முதலியார். 1961-ல் புதுடில்லியில் கூடிய பதினான்காவது உலகச் சுகாதாரப் பேரவைக்கும் அவரே தலைவர். மூத்தவர் தலைமையில் கூட்டப்பட்ட மாநாட்டில் பிறந்த நிறுவனத்தை, இளையவர் தலைமையேற்று நடத்தினார். இலட்சுமணசாமி முதலியார் 1974-லும், இராமசாமி முதலியார் 1976-லும் மறைந்தனர்.

2,500 கிராம் என்ற எல்லை

1948-ஆம் ஆண்டுத் திருத்தம் நம் இரட்டைக் குழந்தைகளை நேராகத் தொடும் ஓர் எண்ணையும் நிலைநாட்டியது. பிறக்கும்போது 2,500 கிராமோ அதற்குக் குறைவோ எடையுள்ள குழந்தை 'குறைமாதக் குழந்தை' எனப்பட்டது. ஃபின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ இல்ப்போ 1919-ஆம் ஆண்டளவில் பயன்படுத்திய எல்லை இது.

ஆனால் எடையும் மாதமும் ஒன்றா? நம் நாட்டில் பத்து மாதம் நிறைந்து பிறந்தும் 2,500 கிராமை எட்டாத குழந்தைகள் ஏராளம். தாயின் உணவுக் குறையும் குருதிச் சோகையும் இதற்குக் காரணங்கள். இரட்டையரின் நிலையோ இன்னும் சிக்கலானது. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த எல்லைக்குக் கீழே பிறக்கின்றனர். சிலர் மாதம் நிறையாமையால் எடை குறைகின்றனர். சிலர் ஒரே கருப்பையைப் பங்கிட்டுக்கொண்டதால் எடை குறைகின்றனர். முன்னவர்க்கு நுரையீரல் முதிர்ந்திராது; பின்னவர்க்கு முதிர்ந்திருக்கலாம். இருவருக்கும் வேண்டிய கவனிப்பு வேறு. ஒரே எண்ணுக்குள் இருவரையும் அடைத்தால் மருத்துவமும் குழம்பும். இதை உணர்ந்து 1961-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 'எடை குறைந்த குழந்தை' என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. அதன் பின்னர் எடைக்கு ஒரு கணக்கும், கருவுற்ற வாரங்களுக்கு ஒரு கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டன. ஒரு சொல் மாறியதால் இரண்டு வகைக் குழந்தைகள் கண்ணுக்குத் தெரிந்தனர்.

இரட்டையர் ஏன் விரைவில் குளிர்கின்றனர்?

எடையை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? இதற்கு இயற்பியல் விடை கூறும். ஒரு குண்டான் சோறு நெடுநேரம் சூடாயிருக்கிறது. அதையே சிறு கிண்ணங்களில் பங்கிட்டால் விரைவில் ஆறிவிடுகிறது. வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. வெப்பம் சேர்ந்திருப்பதோ பருமனில். பொருள் சிறிதாகச் சிறிதாக, பருமனைவிட மேற்பரப்பின் பங்கு கூடுகிறது.

3 கிலோகிராம் எடையுள்ள ஒரு குழந்தையையும், தலா ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள இரட்டையரையும் ஒப்பிடுவோம். வடிவம் ஒன்றே எனக் கொண்டால், மொத்த எடை சமமாக இருந்தும் இரட்டையரின் மொத்த மேற்பரப்பு 2-ன் கனமூல மடங்கு, அதாவது 1.26 மடங்கு ஆகிறது. நூற்றுக்கு 26 பங்கு கூடுதலான தோல் வழியே வெப்பம் வெளியேறுகிறது. தோலுக்கடியில் கொழுப்பும் அவர்களுக்குக் குறைவு.

மற்றொரு கணக்கும் உண்டு. குழந்தை கருப்பை நீரில் நனைந்தபடியே வெளிவருகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 கிராம் நீர் உடலில் காய்ந்தால் 5,800 கலோரி செலவு. ஒன்றரைக் கிலோகிராம் உடலின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83 எனக் கொண்டால், இது அவ்வுடலை நாலரைப் பாகைக்கு மேல் குளிர்விக்கப் போதும். உண்மையில் ஆவியாதலுக்குரிய வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலிருந்து வரும். உடலும் ஓரளவு வெப்பத்தை உண்டாக்கும். எனினும் அபாயம் எத்தகையது என்பது விளங்கும். அறுவை அறையின் குளிர்ச்சியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறந்தவுடன் துணியால் துடைத்து உலர்த்துவது ஏன் முதல் சிகிச்சையாகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1880-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெபான் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அதைப்போல் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியை அமைக்கச் செய்தார். இதற்கு நேர்மாறான எளிய வழி 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பிறந்தது. வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு, தோல்மேல் தோல் படும்படி அணைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்று இதற்குப் பெயர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான எடைவரை உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியாயிற்று. பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 12 குழந்தைகளும், நிலைமை சீரானபின் தொடங்கிய பிரிவில் நூற்றுக்கு 15.7 குழந்தைகளும் இறந்தனர். இரட்டையராயின் இருவரையும் தாயே அணைக்கலாம். அறுவையின் வலியில் இருக்கும் தாய்க்கு உதவியாகத் தந்தையோ பாட்டியோ ஒரு குழந்தையை ஏற்கலாம்.

எழுத்தும் எண்ணும்

இனி ஏடுகளுக்குத் திரும்புவோம். 1990-ல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில் ஒவ்வொரு குறியீடும் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் கொண்டது. பேறுகாலத் தாயின் நிலைகளுக்கு 'ஓ' வரிசை. பிறந்த குழந்தையின் நோய்களுக்குப் 'பி' வரிசை. நோயல்லாத பிற செய்திகளுக்கு 'இசட்' வரிசை.

சிசேரியனில் உயிரோடு பிறந்த இரட்டையரின் தாய்க்கு, இரட்டைக் கருவுக்காக ஓ 30.0 என்றும், குழந்தைகள் யாவரும் அறுவையின் வழியே பிறந்ததற்காக ஓ 84.2 என்றும், இருவரும் உயிருடன் பிறந்ததற்காக இசட் 37.2 என்றும் எழுதுவர். ஒரு குழந்தை உயிரோடும் மற்றொன்று உயிரின்றியும் பிறந்தால் கடைசி எண் இசட் 37.3 ஆகும். ஒரே ஓர் இலக்கம் மாறினால் ஒரு குடும்பத்தின் துயரமே மறைந்துவிடும்.

குழந்தைகளின் ஏடுகளில் எழுதப்படுவது வேறு. ஒவ்வொரு குழந்தைக்கும் 'மருத்துவமனையில் பிறந்த இரட்டையர்' என்று பொருள்படும் இசட் 38.3 உண்டு. ஒன்று 1,400 கிராமும் மற்றொன்று 2,600 கிராமும் இருந்தால், முன்னதற்கு மட்டும் எடைக்குறைவைக் காட்டும் பி 07.1 சேரும். உடன்பிறந்தவர் என்பதற்காக ஒருவரின் நோய் மற்றவரின் ஏட்டில் ஏறாது.

நம் கல்லூரிகளில் அறிவியல் படித்த இளைஞர் பலர் இன்று சென்னையிலும் பிற ஊர்களிலும் 'மெடிக்கல் கோடிங்' என்ற வேலையில் உள்ளனர். அமெரிக்க மருத்துவமனைகளின் ஏடுகளைப் படித்துக் குறியீடு இடுவது இவர்கள் தொழில். அந்நாடு பத்தாவது திருத்தத்தை விரிவாக்கி, 2015 அக்டோபர் முதல் பின்பற்றுகிறது. இசட் 38.30 என்றால் இயல்பாகப் பிறந்த இரட்டையர், இசட் 38.31 என்றால் சிசேரியனில் பிறந்த இரட்டையர். கருவில் எந்தக் குழந்தைக்குச் சிக்கல் என்பதைக் காட்ட ஏழாவது இடத்தில் 1, 2 என்ற இலக்கங்களும் உண்டு. 'ஓ' வரிசைக் குறியீடு தாயின் ஏட்டில் மட்டுமே வரலாம்; குழந்தையின் ஏட்டில் வரலாகாது. இவ்விதியை நம் இளைஞர்கள் பணம் கோரும் படிவத்துக்கான விதியாகவே கற்கின்றனர். அதன் பின்னே நூறாண்டு வரலாறு இருப்பதையும் அறிந்தால் அவர்கள் வேலைக்கு மதிப்புக் கூடும். பதினோராவது திருத்தம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நாடுகள் படிப்படியாக அதற்கு மாறிவருகின்றன.

தனித்தனி ஏடு என்பது கணக்குக்காக மட்டுமன்று. பெயர் வைக்காத குழந்தையை மருத்துவமனையில் தாயின் பெயரால் 'இன்னாரின் குழந்தை' என்றே குறிப்பர். இரட்டையராயின் முதல், இரண்டு என்ற சிறு வேறுபாடு மட்டுமே எஞ்சும். குழந்தைகளுக்கு மருந்து கிலோகிராம் கணக்கில் அளக்கப்படுகிறது. 2,100 கிராம் குழந்தைக்குரிய அளவு 1,400 கிராம் குழந்தைக்குப் போனால் அது ஒன்றரை மடங்கு மருந்து. கையில் கட்டும் அடையாளப் பட்டையும், ஏட்டின் தலைப்பில் எழுதும் எண்ணும் இங்கே உயிர்காக்கும் கருவிகள்.

திண்டுக்கல் சமவெளியில்

நூறு படுக்கை மருத்துவமனையில் இது நடக்கலாம், சிற்றூரில் நடக்குமா? இதற்கு விடை தேடியவர்களில் மருத்துவர் சௌந்தரம் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். டில்லியில் மருத்துவம் பயின்ற அவர், 1947-ல் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினார். அங்கு வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை, சுற்றியுள்ள சிற்றூர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் இடமாயிற்று. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து 1964-ல் காந்திகிராம ஊரகச் சுகாதார நிறுவனம் உருவாயிற்று. அந்த மண்ணில் சுகாதாரப் பணி என்பது மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. மக்களைக் கணக்கெடுத்து அறிவதும் அதன் பகுதியாக இருந்தது.

1969-ல் இயற்றப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடெங்கும் ஒரே முறையைக் கொணர்ந்தது. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தெரிவிக்கும் கடமை மருத்துவமனையுடையது. பிறப்பு அறிக்கைப் படிவத்தில் பிரசவ முறை, பிறப்பு எடை, கருவுற்ற வாரங்கள் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. இரட்டையராயின் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப்படிவம் நிரப்பி, 'இரட்டைப் பிறப்பு' என்று குறிப்பிட வேண்டும் என்பது அப்படிவத்தின் அறிவுரை. ஜெனீவாவின் விதி நம் ஊராட்சிப் பதிவேடுவரை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்று கருவுற்ற பெண்ணுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வாயிலாகப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. கருவுற்ற காலம் முதல் தடுப்பூசிவரை கணக்கு அதில் தொடர்கிறது.

எண்கள் கூறும் விடை

இவ்வளவு எழுதிச் சேர்ப்பதால் என்ன பயன்? ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரட்டையர் என்றாலே சிசேரியன் செய்வதுதான் நல்லதா? பலர் ஆம் என்றே நம்புகின்றனர். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 25 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,800 தாய்மார் பங்கேற்றனர். அனைவருக்கும் முதல் குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்தது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு அறுவை திட்டமிடப்பட்டது; மற்றவர்களுக்கு இயல்பான பேறு திட்டமிடப்பட்டது. குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்து முதல் பிரிவில் நூற்றுக்கு 2.2, இரண்டாம் பிரிவில் 1.9. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இயல்பான பேறு திட்டமிட்டவர்களிலும் நூற்றுக்கு 44 பேருக்கு இறுதியில் அறுவை தேவைப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, தேவையான நேரத்தில் உடனே அறுவை செய்யக்கூடிய மருத்துவமனையில் பிறப்பதே முதன்மையானது. இந்த விடையைக் காண, ஒவ்வொரு தாயின் கீழும் இரு குழந்தைகளைத் தனித்தனியே எண்ண வேண்டியிருந்தது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிறப்புகள் சிசேரியன். இந்தியா முழுமைக்கும் இது 21.5. இவற்றில் எவை தேவையானவை, எவை தேவையற்றவை? மொத்தத் தொகை இதற்கு விடை கூறாது. மைக்கேல் ராப்சன் 2001-ல் வகுத்த முறை, பேறுகாலப் பெண்களைப் பத்துப் பிரிவுகளாக்குகிறது. இரட்டையரைச் சுமப்போர் யாவரும் எட்டாம் பிரிவினர். முதற்பேற்றில் மாதம் நிறைந்து, குழந்தையின் தலை கீழ்நோக்கியிருந்து, வலி தானே தொடங்கியவர்கள் முதற்பிரிவினர். எட்டாம் பிரிவில் அறுவை மிகுதியாக இருந்தால் வியப்பில்லை. முதற்பிரிவில் மிகுதியாக இருந்தால் மருத்துவமனை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

1980-களின் தொடக்கத்தில் உலகில் ஆயிரம் பேறுகளுக்கு 9 ஆக இருந்த இரட்டைப் பேறுகள், 2010-15 காலத்தில் 12 ஆக உயர்ந்துள்ளன. கருத்தரிப்புச் சிகிச்சையும், பெண்கள் காலந்தாழ்த்திக் கருவுறுவதும் இதற்குக் காரணங்கள். எனவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ இரட்டையர் பிறக்கும் வாய்ப்பு முன்னிலும் அதிகம். அப்போது சிலவற்றைக் கவனியுங்கள். இரு குழந்தைகளின் கையிலும் அடையாளப் பட்டை உள்ளதா? பிறந்த நேரமும் எடையும் தனித்தனியே எழுதப்பட்டனவா? மருந்துச் சீட்டில் எந்தக் குழந்தைக்கு என்பது தெளிவாக உள்ளதா? பிறப்பு அறிக்கை இரண்டு படிவங்களில் சென்றதா? தடுப்பூசி அட்டைகள் இரண்டு உள்ளனவா? இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும்.